எந்த டேக்கை வாங்குவது: நூலுக்கும் குத்துவிளக்கிற்கும் தைப்பூசக் கைப்பட்டைக்கும் ஏற்ற என்.எஃப்.சி. வகைகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் ஒரு கடைவீட்டு மாடியில் நாங்கள் நடத்தும் தமிழ் வாசகசாலையில் ஏறக்குறைய 1,200 நூல்கள் இருக்கின்றன. இரவல் பதிவேட்டை இன்றும் கையால்தான் எழுதுகிறோம். ஒவ்வொரு நூலிலும் ஓர் என்.எஃப்.சி. டேக்கை, அதாவது கைப்பேசி மிக அருகிலிருந்து படிக்கக்கூடிய சிறு சில்லு கொண்ட ஒட்டியை, ஒட்டிவிட்டால், கைப்பேசியை அதன்மேல் வைத்த உடனே நூலின் பதிவைத் திறந்துவிடலாம் என்று குழுக் கூட்டத்தில் முடிவெடுத்தோம். எந்த டேக்கை வாங்குவது என்ற கேள்வி எழுந்ததும் கூட்டம் அமைதியாகிவிட்டது. இணையக் கடைகளில் என்டேக் 213, 215, 216, மைஃபேர், ஐகோடு, டி.என்.ஏ. என்று பெயர்கள் நீண்டுகொண்டே போகின்றன. எல்லாம் ஒரே வெள்ளை வட்டமாகத்தான் படத்தில் தெரிகின்றன. அதே மாதத்தில் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் பித்தளைச் சாமான் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரும், தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தல் போடும் இளைஞர் குழு ஒன்றும் என்னிடம் இதையே கேட்டார்கள். பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்பவன் என்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். மூவருக்கும் ஒரே விடையைச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

விற்பவர்கள் முதலில் சொல்வது நினைவகத்தின் அளவை. நான் கடைசியாகப் பார்ப்பது அதைத்தான். டேக்கை எதன்மேல் ஒட்டப் போகிறோம், அதைப் போலி செய்வதால் யாருக்காவது ஆதாயம் உண்டா, அதை யாருடைய கைப்பேசி படிக்கப் போகிறது என்ற மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால், பட்டியலில் பெரும்பாலான பெயர்கள் தாமாகவே கழிந்துவிடும்.

மின்கலம் இல்லாத சில்லு பேசும் விதம்

டேக்கை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், வட்டமாகச் சுற்றிய மெல்லிய உலோகச் சுருளும் அதன் முனையில் எள்ளைவிடச் சிறிய சில்லும் மட்டுமே தெரியும். மின்கலம் கிடையாது. கைப்பேசியினுள் இருக்கும் சுருள், 13.56 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், அதாவது நொடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் முறை ஊசலாடும் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலம் அருகிலுள்ள சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்தார். மின்மாற்றி இயங்குவதும் இந்த டேக் இயங்குவதும் அந்த ஒரே விதியால்தான்.

ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு இசைவாகத் தள்ளினால், சிறிய தள்ளலே அதை உயரக் கொண்டுபோகும். நேரம் தவறித் தள்ளினால் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் ஆட்டம் அடங்கிவிடும். டேக்கின் சுருளும் சில்லுக்குள் இருக்கும் மின்தேக்கியும் சேர்ந்து, 13.56 மெகாஹெர்ட்ஸுக்கு அருகில் இசைந்து ஆடும்படி அளந்து செய்யப்பட்ட ஊஞ்சல் போன்றவை. இந்த இசைவினால்தான், கைப்பேசி கொடுக்கும் சொற்ப ஆற்றல் சில்லை விழிக்க வைக்கப் போதுமானதாகிறது. விழித்த சில்லு தானாக எதையும் ஒலிபரப்புவதில்லை. தன் சுருளின் மீதுள்ள மின்சுமையை ஏற்றி இறக்குகிறது. அந்த ஏற்ற இறக்கம் கைப்பேசியின் சுருளில் நுண்ணிய அசைவாகத் தெரிய, கைப்பேசி அதை எழுத்தாகப் படித்துக்கொள்கிறது.

சுருளை விட்டு விலக விலகக் காந்தப் புலம் தொலைவின் முப்படிக்கு ஏற்பக் குறைகிறது. தொலைவு இரு மடங்கானால் புலம் எட்டில் ஒரு பங்காகிவிடும். கைப்பேசியால் படிக்க முடிவது ஏறத்தாழ 4 சென்டிமீட்டருக்குள்தான் என்பதற்குக் காரணம் இதுவே. சிறிய டேக்காக இருந்தால் ஒரு சென்டிமீட்டர் கூடக் கடினம். ஆகவே, இடம் இருக்கும்வரை சுருள் பெரிதாக உள்ள டேக்கையே எடுப்பது நல்லது. 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டம் தரும் நிம்மதியை 10 மில்லிமீட்டர் வட்டம் தராது.

உலோகத்தின்மேல் ஒட்டினால் நிலைமை தலைகீழாகிறது. காந்தப் புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டங்களை எழுப்புகிறது. அவை எதிர்ப்புலத்தை உண்டாக்கி வந்த புலத்தை அடக்குவதோடு, டேக்கின் இசைவையும் கலைத்துவிடுகின்றன. எங்கள் வாசகசாலையின் இரும்பு அலமாரியில் முதல் சோதனை டேக்கை ஒட்டியபோது, எந்தக் கைப்பேசியும் அதைக் கண்டுகொள்ளவில்லை. டேக் பழுதில்லை; ஒட்டிய இடம்தான் பழுது. இதற்கென்றே, சுருளுக்கும் உலோகத்துக்கும் நடுவில் ஃபெரைட் தாள் வைத்த டேக்குகள் கிடைக்கின்றன. ஃபெரைட், காந்தப் புலத்தை உலோகத்துக்குள் விடாமல் தன் வழியாகத் திருப்பி அனுப்புகிறது. இவை சற்றுத் தடிமனாகவும், சாதாரண டேக்கைவிட விலை கூடுதலாகவும் இருக்கும். படிக்கும் தொலைவும் ஓரளவு குறையும்.

தண்ணீர் அவ்வளவு பெரிய பகை அன்று. 13.56 மெகாஹெர்ட்ஸ் காந்தப் புலம் ஈரத்தையும் உடலையும் ஓரளவு எளிதாகக் கடந்துவிடும். நம் சுங்கச் சாவடிகளுக்காகக் காரின் கண்ணாடியிலோ முன்விளக்கிலோ ஒட்டப்படும் ஆர்.எஃப்.ஐ.டி. வேறு இனம். அது மலேசியாவில் 919 முதல் 923 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில், மீட்டர் கணக்கான தொலைவில் இயங்குவது. தண்ணீர் அந்த அலைகளை விழுங்கிவிடும், நம் கைப்பேசிகளால் அதைப் படிக்கவும் முடியாது. அடுக்குமாடி வாயில்களில் பயன்படும் அட்டைகளில் பல 125 கிலோஹெர்ட்ஸில் இயங்குபவை. அவற்றையும் கைப்பேசி படிக்காது. வெறுமனே ‘ஆர்.எஃப்.ஐ.டி. அட்டை’ என்று விற்பனைப் பக்கத்தில் எழுதியிருந்தால், அதிர்வெண் எவ்வளவு என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

தமிழுக்கு எத்தனை பைட் வேண்டும்

நினைவகத்தைக் கடைசியாகப் பார்ப்பேன் என்றாலும், தமிழில் எழுதப் போகிறவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலக் கையேடுகளைப் படித்துவிட்டு வாங்குபவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

எழுத்துகளைக் கணினி சேமிக்கும் பொது முறையான யு.டி.எஃப்.-8இல், ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் 1 பைட் (நினைவகத்தை அளக்கும் அலகு) போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். அதிலும், நம் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவது கணினிக்குப் பெரும்பாலும் இரண்டு குறிகள்: ‘ண்’ என்பதில் ணகரமும் புள்ளியும் தனித்தனி, ‘லை’ என்பதில் லகரமும் ஐகாரக் குறியும் தனித்தனி. ‘தண்ணீர்மலை’ என்ற சொல்லில் நாம் எண்ணுவது ஆறு எழுத்துகள். கணினி எண்ணுவது பத்துக் குறிகள். அவை எடுத்துக்கொள்ளும் இடம் 30 பைட். இந்தச் சொல்லை இணைய முகவரிக்குள் வைத்தால் நிலைமை இன்னும் மோசம். முகவரியில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும், விழுக்காட்டுக் குறிகளோடு சேர்ந்து ஒன்பது எழுத்துகளாக விரியும். 30 பைட் 90 பைட்டாகிவிடும்.

என்.எக்ஸ்.பி. நிறுவனத்தின் என்டேக் 213இல் நாம் எழுதுவதற்கு இருக்கும் இடம் 144 பைட், 215இல் 504, 216இல் 888. டேக்கில் எழுதுவதற்கான என்டெஃப் என்ற பொது வடிவம், தலைப்புக் குறிப்புகளுக்காகச் சில பைட்களை எடுத்துக்கொள்ளும். அதைக் கழித்துப் பார்த்தால், தமிழில் வெறும் உரையாக 213இல் 44 குறிகளும், 215இல் 163 குறிகளும், 216இல் 291 குறிகளும்தான் அடங்கும். 44 குறிகள் என்பது ஏறக்குறைய ஒரு திருக்குறளின் முதல் அடிக்குக் கொஞ்சம் கூடுதல். ஒரு நூலின் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் எழுதினாலே 213 நிரம்பிவிடும்.

இதைப் பார்த்துவிட்டு 216க்கு ஓடுவதுதான் பலரும் செய்வது. எங்கள் குழுவிலும் இருவர் அதைத்தான் சொன்னார்கள். நான் மறுத்தேன். டேக்குக்குள் தமிழ் உரையை வைக்கவே வேண்டாம், ஒரு குறுகிய முகவரியை மட்டும் வைத்து உரையை நம்முடைய இணையப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. என்டெஃப் வடிவம் முகவரியின் தொடக்கத்தில் வரும் ‘https://’ என்ற முன்னொட்டு முழுவதையும் ஒரே பைட்டில் அடக்கிவிடுகிறது. அதன் பிறகு வரும் பகுதி 25 எழுத்துகள் என்றால், எல்லாம் சேர்த்து 33 பைட்தான். 144 பைட்டில் கால் பங்கு கூட இல்லை. வெறும் உரைக்கு இன்னொரு குறையும் உண்டு: ஐஃபோன், செயலி எதையும் திறக்காத நிலையில், முகவரி, தொலைபேசி எண் போன்றவற்றுக்கு மட்டுமே அறிவிப்புக் காட்டும். வெறும் உரை எழுதிய டேக்கைத் தொட்டால் ஒன்றும் நிகழாது. பெயர் அட்டைக்காக வி-கார்டு வடிவில் தொடர்பு விவரங்களை 215இல் எழுதியவர்கள் இதே காரணத்தால் ஏமாற்றமடைகிறார்கள்.

அந்த முகவரி உங்களுக்குச் சொந்தமான தளப்பெயரில் இருக்க வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் திருமணம் ஒன்றுக்காக, இலவச முகவரிச் சுருக்கச் சேவை ஒன்றின் முகவரியை அறுபது அட்டைகளில் எழுதி நிரந்தரமாகப் பூட்டினேன். பின்னாளில் படங்களைப் பார்ப்பதற்காக அட்டையைத் தொட்டவர்களுக்கு வெற்றுப் பக்கம்தான் வந்தது. அந்தச் சேவையை மூடிவிட்டிருந்தார்கள். பூட்டிய டேக்கை மறுபடி எழுத வழியே இல்லை. அந்த அறுபது அட்டைகளும் வீணாயின. ஆண்டுக்கு ஒரு சிறு தொகை கட்டிச் சொந்தத் தளப்பெயரை வைத்திருந்தால், உள்ளே உள்ள பக்கத்தை எங்கு வேண்டுமானாலும் திருப்பியிருக்கலாம்.

வகைகள்

என்.எஃப்.சி. ஃபோரம் என்ற அமைப்பை 2004இல் நோக்கியா, பிலிப்ஸ், சோனி ஆகிய மூன்று நிறுவனங்கள் தொடங்கின. அது டேக்குகளை ஐந்து வகைகளாக வரையறுத்தது. முதல் வகையை இன்று புதிய வேலைக்குத் தேட வேண்டியதில்லை. மூன்றாம் வகை சோனியின் ஃபெலிகா. ஜப்பானின் ரயில் அட்டைகளிலும் ஹாங்காங்கின் ஆக்டோபஸ் அட்டையிலும் ஓடுவது, நமக்குத் தேவையில்லாதது. மீதமுள்ள இரண்டாம், நான்காம், ஐந்தாம் வகைகளுக்குள்தான் நம்முடைய தேர்வு முழுவதும் அடங்குகிறது.

இரண்டாம் வகையில்தான் மேலே சொன்ன 213, 215, 216 ஆகியவை வருகின்றன. இவை மலிவு, எங்கும் கிடைப்பவை, எல்லா என்.எஃப்.சி. கைப்பேசிகளாலும் படிக்கப்படுபவை. 100,000 முறை வரை எழுதலாம் என்றும், எழுதியது 10 ஆண்டுகள் நிலைக்கும் என்றும் தயாரிப்பாளர் உறுதி தருகிறார். நிரந்தரப் பூட்டும் உண்டு, நான்கு பைட் கடவுச்சொல்லும் உண்டு. ஆனால் அந்தக் கடவுச்சொல் மறையாக்கம் ஏதுமின்றி வெளிப்படையாகவே காற்றில் போகிறது. அதைக் கதவின் தாழ்ப்பாளாகக் கருதலாமே தவிர, பூட்டாகக் கருதக் கூடாது. மூன்றுக்கும் இடையிலான பெரிய வேறுபாடு நினைவகம் மட்டுமே. 215 அதிகமாக விற்பதற்கு ஒரு காரணம், நிண்டெண்டோவின் அமீபோ பொம்மைகளுக்குள் இருப்பது அதுதான் என்பது. விளையாட்டுக்காக வாங்குபவர்களின் தேவை வேறு, நம்முடையது வேறு.

நான்காம் வகையில் நமக்குப் பயன்படுவது என்டேக் 424 டி.என்.ஏ. மற்ற எல்லாவற்றிலிருந்தும் இது பிரிந்து நிற்கும் இடத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 213இல் எழுதிய முகவரி, எத்தனை முறை தொட்டாலும் அதே முகவரிதான். அதை ஒருமுறை படித்தவர் இன்னொரு வெற்று டேக்கில் அப்படியே எழுதிவிடலாம். பார்ப்பவருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஒவ்வொரு 213க்கும் தொழிற்சாலையில் பதித்த 7 பைட் அடையாள எண் இருக்கிறதே என்று கேட்கலாம். அந்த எண்ணையும் எவரும் படிக்கலாம். எண்ணை நம் விருப்பப்படி மாற்றி எழுதக்கூடிய போலிச் சில்லுகளும் சந்தையில் கிடைக்கின்றன. 424 அப்படியன்று. அதனுள் ஏ.இ.எஸ்.-128 மறைக்குறியீட்டுக் கணக்கைச் செய்யும் ஆற்றலும், வெளியே எடுக்க முடியாத இரகசிய சாவியும், எத்தனையாவது முறை படிக்கப்படுகிறது என்று எண்ணும் எண்ணியும் இருக்கின்றன. ஒவ்வொரு முறை தொடும்போதும் சில்லு தன் அடையாள எண்ணையும் எண்ணியின் அளவையும் மறையாக்கி, அவற்றுக்கு ஒரு கையொப்பத்தையும் கணக்கிட்டு, முகவரியின் இறுதியில் சேர்த்துத் தருகிறது. கைப்பேசியில் தனிச் செயலி எதுவும் தேவையில்லை. திறக்கும் பக்கத்தின் சேவையகம் அதே சாவியைக் கொண்டு சரிபார்க்கிறது. பழைய முகவரியை நகலெடுத்து வேறு டேக்கில் எழுதினால், எண்ணியின் அந்த அளவு ஏற்கெனவே வந்துபோனது என்பதைச் சேவையகம் கண்டுபிடித்துவிடும்.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலை டேக்கின் விலையோடு முடிவதில்லை. 424 ஒன்று 213ஐப் போலப் பல மடங்கு விலை. அதற்கு மேல், சரிபார்க்கும் சேவையகத்தை யாராவது எழுதிப் பராமரிக்க வேண்டும், சாவிகளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது சாவிகள் எல்லாம் பூச்சியங்களாகவே இருக்கும். அவற்றை மாற்றாமல் பயன்படுத்தினால், கூடுதலாகக் கொடுத்த பணம் முழுவதும் வீண். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 424 மெய்ப்பிப்பது டேக்கைத்தான், அது ஒட்டப்பட்ட பொருளை அன்று. நல்ல பொருளிலிருந்து டேக்கை உரித்து மட்டமான பொருளில் ஒட்டிவிட்டால், சேவையகம் அதையும் உண்மை என்றே சொல்லும். உரித்தால் அறுந்துபோகும் கம்பி வளையத்தோடு வரும் இன்னொரு வடிவம் இதற்கென்றே இருக்கிறது.

ஐந்தாம் வகை, நூலகங்களில் பல ஆண்டுகளாகப் பயன்பட்டுவரும் ஐ.எஸ்.ஓ. 15693 முறையைச் சேர்ந்தது. ஐகோடு ஸ்லிக்ஸ் இதில் நன்கு அறியப்பட்டது. நமக்கு எழுத 112 பைட் இடம் தருகிறது. வாயிலில் நிறுத்தும் பெரிய சுருள்களைக் கொண்டு ஒரு மீட்டருக்கு நெருக்கமான தொலைவில் கூட இதைக் கண்டறியலாம்; இரவல் பதியாத நூல் வெளியே போனால் ஒலி எழுப்பும் வசதி சில்லிலேயே இருக்கிறது. ஒரு சிறு கட்டு நூல்களை மேசையில் வைத்து ஒரே நேரத்தில் படிக்கலாம். கைப்பேசியாலும் படிக்கலாம், ஆனால் அதே சில சென்டிமீட்டர் தொலைவில்தான்.

மைஃபேர் கிளாசிக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1994இல் வந்த இது, உலகெங்கும் பயண அட்டைகளிலும் வாயில் அட்டைகளிலும் பரவியது. இது என்.எஃப்.சி. ஃபோரத்தின் ஐந்து வகைகளில் எதிலும் சேராது. இதன் 48 பிட் மறையாக்க முறையை, 2007ஆம் ஆண்டின் இறுதியிலும் 2008இலும் ஜெர்மனி, நெதர்லாந்து ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். பாதுகாப்புக்காக இதை வாங்குவதில் பொருளில்லை. சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் மட்டுமே இதைப் படிக்கும். ‘என்.எஃப்.சி. அட்டை’ என்று மட்டும் எழுதியிருந்த ஒரு விற்பனையாளரிடம் நான் ஒருமுறை ஐம்பது அட்டைகள் வாங்கினேன். என்னுடைய ஆண்ட்ராய்டில் எழுதிப் படிக்க முடிந்தது. விழாவன்று ஐஃபோன் வைத்திருந்தவர்களால் ஒன்றையும் படிக்க முடியவில்லை. பிரித்துப் பார்த்தபோதுதான் அது கிளாசிக் என்று தெரிந்தது. சில்லின் பெயரை எழுத்தில் கேட்டு வாங்கும் பழக்கம் எனக்கு அன்று வந்தது.

யார் கையில் எந்தக் கைப்பேசி

ஐஃபோனில், 2018இல் வந்த எக்ஸ்.எஸ்., எக்ஸ்.ஆர். மாதிரிகள் முதல்தான், திரை ஒளிர்ந்திருந்தாலே செயலி எதுவும் திறக்காமல் டேக்கைப் படிக்க முடிகிறது. ஐஃபோன் 7, 8, எக்ஸ் ஆகியவற்றில் படிப்பானைத் தனியாகத் திறக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் திரையின் பூட்டைத் திறந்திருக்க வேண்டும், அமைப்புகளில் என்.எஃப்.சி. இயக்கப்பட்டிருக்க வேண்டும். விலை குறைந்த ஆண்ட்ராய்டுகள் பலவற்றில் இந்த வசதியே இல்லை. ஐஃபோனின் சுருள் மேல் விளிம்பில் இருக்கிறது. ஆண்ட்ராய்டுகளில் பெரும்பாலும் முதுகின் நடுப்பகுதியில் இருக்கிறது. எங்கள் வாசகசாலைக்கு வரும் பெரியவர் ஒருவர், ஐஃபோனின் நடுவயிற்றை நூலின்மேல் பலமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, டேக் கெட்டுப்போயிற்று என்று எண்ணி மனம் வருந்தினார். டேக்கின் பக்கத்திலேயே தொட வேண்டிய முறையைச் சிறு படமாக அச்சிட்டு வைப்பது அவரைப் போன்றவர்களுக்குச் செய்யும் மரியாதை.

இதனால், பொதுமக்கள் தொடப்போகும் எந்த டேக்கின் அருகிலும் அதே முகவரியைக் கொண்ட கியூ.ஆர். குறியீட்டை அச்சிட வேண்டும் என்று நான் சொல்வேன். கடைகளில் பணம் செலுத்துவதற்கு டூயிட்நவ் கியூ.ஆர். எங்கும் பரவியிருப்பதால், நம் ஊரில் பாட்டிமார்களுக்கும் அந்தக் கட்டம் பழக்கமாகிவிட்டது. வெறும் இணையப் பக்கத்தைத் திறப்பதுதான் நோக்கம் என்றால், கியூ.ஆர். மட்டுமே போதும் என்று சொல்லி டேக் வாங்குவதையே நான் சிலரிடம் தடுத்திருக்கிறேன். வெளிச்சம் குறைந்த இடம், நடுங்கும் கை, கசங்கும் அச்சு, நகலெடுக்கப்படும் அச்சம் ஆகிய இடங்களில்தான் டேக் கியூ.ஆரை விஞ்சுகிறது.

மூவருக்கும் சொன்னது

பித்தளைக் கடை அண்ணன், தமிழ்நாட்டுப் பட்டறையிலிருந்து வரவழைக்கும் குத்துவிளக்குகளின் அடியில் டேக் ஒட்டி, செய்த இடத்தையும் எடையையும் வாங்குபவர் பார்க்கும்படி வைக்க விரும்பினார். விளக்கு உலோகம், ஆகவே சாதாரண டேக் அங்கே வேலை செய்யாது. ஃபெரைட் வைத்த டேக்கை ஒட்டினாலும், எண்ணெயும் வெப்பமும் ஆண்டுக்கணக்கில் அதன் பசையைச் சும்மா விடா. நான் சொன்னது எளிய வழி: விளக்கின் கழுத்தில் நூலால் கட்டித் தொங்கும் கெட்டி அட்டைக்குள் 213ஐ வைத்து, நிரந்தரமாகப் பூட்டிவிடலாம். அட்டையைக் கையில் எடுத்து உலோகத்திலிருந்து விலக்கிப் பிடித்தால் எந்தக் கைப்பேசியும் படித்துவிடும். பூட்டுவது இங்கே கட்டாயம். பூட்டாத டேக்கைக் கடைக்கு வரும் எவரும் தம் கைப்பேசியால் நொடியில் மாற்றி எழுதி, வாடிக்கையாளரை மோசடித் தளத்துக்கு அனுப்பிவிடலாம். பல ஆயிரம் ரிங்கிட் மதிப்புள்ள வெள்ளிப் பூசைச் சாமான்களுக்கு மட்டும், உரித்தால் அறியக்கூடிய 424ஐ எண்ணிப் பார்க்கலாம் என்றேன். சேவையகத்தை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டார். அதற்கு ஆள் கிடைக்கும்வரை அது வேண்டாம் என்பதே என் விடை.

தண்ணீர்ப் பந்தல் இளைஞர்களின் தேவை என்னை அதிகம் யோசிக்க வைத்தது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் கூட்டத்தில் பெற்றோரின் கையை விட்டுவிடும் குழந்தைகளுக்காக, கைப்பட்டையில் டேக் வைத்து, அதில் பெற்றோரின் தொலைபேசி எண்ணை எழுத நினைத்தார்கள். தொலைபேசி எண்ணுக்கு 20 பைட்டைச் சுற்றித்தான் வேண்டும். படிப்பதற்கு இணையமும் தேவையில்லை. வியர்வையும் பாலும் தண்ணீரும் சிலிக்கான் பட்டைக்குள் இருக்கும் டேக்கை ஒன்றும் செய்யா. தொழில்நுட்பத்தில் குறை இல்லை. ஆனால், குழந்தைக்கு அருகில் வரும் எவரும் பெற்றோரின் எண்ணைப் படித்துக்கொள்ளலாம் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால், எல்லாப் பட்டைகளிலும் பந்தலின் உதவி எண் ஒன்றையே எழுதிப் பூட்டிவிட்டு, பட்டையின் வரிசை எண்ணையும் பெற்றோரின் எண்ணையும் பந்தலில் உள்ள குறிப்பேட்டில் மட்டும் வைக்கச் சொன்னேன். உதவி எண்ணையும் வரிசை எண்ணையும் பட்டையின்மேல் பெரிய எழுத்தில் அச்சிடவும் சொன்னேன். அந்த நெரிசலில் குழந்தையைக் கண்டெடுப்பவரின் கைப்பேசி எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியாது. இதற்கும் 213தான்.

எங்கள் வாசகசாலைக்கு 213ஆ, ஐகோடு ஸ்லிக்ஸா என்பதில்தான் நீண்ட விவாதம் நடந்தது. நூலகத்துக்கென்றே பிறந்தது ஸ்லிக்ஸ் என்பதை நானும் மறுக்கவில்லை. இருபதாயிரம் நூல்கள் உள்ள இடத்திலோ, வாயிலில் ஒலிக்கதவு வைக்கும் எண்ணம் உள்ள இடத்திலோ, வேறு நூலகங்களோடு நூல்களைப் பரிமாறும் இடத்திலோ 213 வாங்குவது பிழையாகும். எங்களிடம் இருப்பது 1,200 நூல்களும் ஒரு மாடிப்படியும்; ஒலிக்கதவு வைக்க இடமே இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை இருப்புச் சரிபார்க்க, ஒரு நூலுக்கு ஐந்து நொடி என்று வைத்தால் 6,000 நொடி, அதாவது 1 மணி 40 நிமிடம். நூலை எடுத்து வைக்கும் நேரத்தைச் சேர்த்தாலும், நான்கு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் முடித்துவிடலாம். தனிப் படிப்பான் வாங்கும் செலவும் இல்லை, கைப்பேசிகளே போதும். ஆகவே 213ஐ எடுத்தோம்.

ஒட்டுவதில் இரண்டு விதிகள் வைத்தோம். பின்னட்டையின் உட்புறத்தில் ஒட்ட வேண்டும், ஆனால் நூலுக்கு நூல் உயரத்தை மாற்ற வேண்டும். அடுக்கில் சுருள்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் படிந்தால் இசைவு கலைந்துவிடும். பொன்னிறத் தகடு பதித்த அட்டையுள்ள நூல்களில் உள்பக்கத்துக் கடைசித் தாளில் ஒட்ட வேண்டும். டேக்கில் நூலின் எண் அடங்கிய குறுகிய முகவரியை மட்டும் எழுதுகிறோம். எடுத்துச் சென்றவரின் பெயர் ஒருபோதும் அதில் இருக்காது. நிரந்தரமாகப் பூட்டுவதற்குப் பதிலாகக் கடவுச்சொல் போட்டிருக்கிறோம், ஏனெனில் 10 ஆண்டு உறுதிக்குப் பிறகும் வாழப்போகும் நூல்கள் அவை, என்றோ ஒருநாள் மீண்டும் எழுத வேண்டி வரும். வாசகசாலை நூலை யாராவது குறும்புக்காக மாற்றி எழுதினால், உண்மையான பட்டியல் எங்கள் கணினியில் இருக்கிறது.

முதலில் பத்து டேக்குகள் மட்டுமே வாங்கினோம். பழைய கட்டு நூல், வழவழப்பான அட்டை, தகடு பதித்த அட்டை என்று பத்து வேறு நூல்களில் ஒட்டி, சாளரத்தை ஒட்டிய ஈரமான அடுக்கில் மழைக்காலத்து மூன்று வாரங்கள் விட்டுவைத்தோம். பின் ஓர் ஐஃபோன், இரண்டு ஆண்ட்ராய்டுகள் ஆகிய மூன்றாலும் ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்தோம். ஒன்பது படித்தன, வழவழப்பான அட்டையில் ஒட்டிய ஒன்று ஈரத்தில் பசை விட்டுக் கீழே விழுந்திருந்தது. அந்த வகை அட்டைகளுக்கு மேலே ஒரு தாளை வைத்து ஒட்டுவது என்று முடிவுசெய்த பிறகே மீதி டேக்குகளுக்குச் சொன்னோம்.